பழைய ஐபி போனை வீட்டில் மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக் கட்டிய ஐபி போன், அதாவது இணையம் வழியாகப் பேசும் மேசை போன், கைக்கு வந்ததும் பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ரௌட்டரில் வயரைச் செருகி, இணைய போன் சேவைக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டிவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்துப் பார்ப்பது. சத்தம் வராது. உடனே போன் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிடுவோம். பல நேரம் போன் நன்றாகத்தான் இருக்கும். அது இன்னும் பழைய ஆபீஸிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த ஆபீஸின் நெட்வொர்க் எண், சர்வர், டயல் விதிகள், அட்மின் பாஸ்வேர்டு எல்லாம் உள்ளேயே கிடக்கும். அதன் மேல் நம் கணக்கை ஏற்றினால் எப்படி வேலை செய்யும்?

வாங்கும்போதே நடக்கிற தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாடல் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் பெட்டிக்குள் வேறு வேறு மொழி பேசும் மென்பொருள் இருக்கலாம். இன்றைக்குப் பெரும்பாலான இணைய போன் சேவைகள் பேசுவது சிப் (SIP) என்ற நெறிமுறை, அழைப்பை இணைப்பதற்கான பொது மொழி அது. ஆனால் சிஸ்கோவின் பழைய 7940, 7960 போன்கள் பல ஸ்கின்னி என்ற அந்த நிறுவனத்தின் சொந்த நெறிமுறையில்தான் வரும். அதே நிறுவனத்தின் 7800, 8800 வரிசையிலும் இரண்டு வகை ஃபர்ம்வேர் (போனுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) உண்டு: ஒன்று அவர்களுடைய சொந்த சர்வரோடு வேலை செய்வதற்காக வந்தது, இன்னொன்று மற்ற சிப் சேவைகளுக்கானது. முதல் வகையை வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்து மல்லுக்கட்டினால் நேரம்தான் போகும். அதனால் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: போனின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், ஆன் செய்ததும் திரையில் வரும் ஃபர்ம்வேர் விவரம். முன்பு எந்தச் சேவையில் ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் பட்டியலிலிருந்து நீக்கியாகிவிட்டதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அடுத்தது மின்சாரம். ஆபீஸில் இந்தப் போன்களுக்கு நெட்வொர்க் வயர் வழியாகவே கரண்ட் வந்துவிடும், அதற்கான சுவிட்ச் அங்கே இருக்கும். சாதாரண வீட்டு ரௌட்டர் அப்படிக் கரண்ட் கொடுக்காது. அதனால்தான் பழைய போன் பலவும் அடாப்டர் இல்லாமலே விற்பனைக்கு வருகிறது. இங்கேதான் ஆபத்தான தவறு நடக்கிறது: டிராயரில் கிடக்கிற ஏதோ ஒரு அடாப்டரின் முனை பொருந்துகிறதே என்று செருகிவிடுகிறார்கள். யீலிங்க் போன்கள் பல 5 வோல்ட் கேட்பவை, சிஸ்கோ 7900 வரிசை 48 வோல்ட் கேட்பது. முனை பொருந்தினால் வோல்டேஜும் பொருந்தும் என்று அர்த்தமில்லை, மாற்றிச் செருகினால் போன் அங்கேயே போய்விடலாம். வோல்ட் சரியாக இருந்தும் ஆம்பியர் போதவில்லை என்றால் வேறு மாதிரி தொல்லை: போன் ஆன் ஆகும், திரை வரும், ஸ்பீக்கரில் சத்தம் கூடும்போதோ மணி அடிக்கும்போதோ தானாக அணைந்து மறுபடி எழும். இதைப் பார்த்துவிட்டு ஃபர்ம்வேரைச் சந்தேகிப்பவர்கள் நிறைய, முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

வயர் செருகும் இடத்தையும் கவனிக்க வேண்டும். பின்னால் ஒரே மாதிரி இரண்டு நெட்வொர்க் துளைகள் இருக்கும். ஒன்று ரௌட்டரிலிருந்து வருவதற்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவதற்கு. அதேபோல ரிசீவரின் சுருள் வயருக்கு ஒரு சின்னத் துளை, ஹெட்செட்டுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொன்று. ஸ்பீக்கரில் பேச முடிகிறது, ரிசீவரில் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கணக்கையோ நெட்வொர்க்கையோ தொடாதீர்கள், போனைத் திருப்பி அந்தச் சின்னப் படக்குறியைப் பாருங்கள். போதும்.

சரி, இப்போது ரீசெட், அதாவது போனைப் புதிதாக வந்த நிலைக்கே திருப்புவது. இதைத் தாண்டிப் போவதுதான் மிகப் பெரிய தவறு. மெனுவுக்குள் போய் பழைய கணக்கை மட்டும் அழித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆபீஸ்களில் போன்களுக்கென்று தனி விலேன் (VLAN), அதாவது ஒரே வயரில் எண் போட்டுப் பிரித்த தனி நெட்வொர்க், வைத்திருப்பார்கள், அந்த எண் போனிலேயே பதிந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் போன் தான் அனுப்பும் ஒவ்வொரு தகவலிலும் அந்த முத்திரையைக் குத்தியே அனுப்பும், வீட்டு ரௌட்டருக்கு அது புரியாமல் பதில் சொல்லாது. வயர் சரி, விளக்கு எரிகிறது, ஆனால் ஐபி முகவரி 0.0.0.0 என்றே நிற்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் இதுவும், யாரோ கைமுறையாகப் போட்டுவைத்த நிலையான முகவரியும் சேர்ந்தே போய்விடும். யீலிங்க் போன்களில் ஓகே பட்டனை சுமார் 10 நொடி அழுத்திப் பிடித்தால் ரீசெட் செய்யட்டுமா என்று கேட்கும். சிஸ்கோ 7900 வரிசையின் பல மாடல்களில் # பட்டனை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்து, பட்டன் விளக்குகள் வரிசையாக மினுங்கும்போது 123456789*0# என்று தட்ட வேண்டும். பாலிகாம் பழைய மாடல்களில் மெனு வழியாகப் போகலாம், 456 என்பதுதான் அதன் ஆரம்ப அட்மின் பாஸ்வேர்டு, முந்தைய உரிமையாளர் மாற்றாமல் இருந்தால். ரீசெட் ஆனதும் வேறு எதையும் தொடாமல் ஐபி முகவரியை மட்டும் பாருங்கள். வீட்டில் உள்ள மற்ற கருவிகளைப் போல 192.168 என்றோ 10 என்றோ ஆரம்பித்தால் ஒரு படி தாண்டிவிட்டீர்கள். 169.254 என்று ஆரம்பித்தால் ரௌட்டர் இன்னும் முகவரி கொடுக்கவில்லை.

ரீசெட் செய்தும் பழைய ஆபீஸ் திரும்பி வருகிறதா? எனக்கு இது நடந்திருக்கிறது. பழைய போன் ஒன்று வாங்கினேன், பட்டன்களுக்குப் பக்கத்தில் 'வரவேற்பு', 'கிடங்கு' என்று பேனாவால் எழுதிய காகிதப் பட்டை அப்படியே இருந்தது. ரீசெட் செய்தேன், திரை சுத்தமாக வந்தது, மொழி கேட்டது. வயரைச் செருகி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், போன் தானாக அணைந்து எழுந்தது, திரையில் மறுபடி அந்த நிறுவனத்தின் பெயர். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். காரணம் போனுக்குள் இல்லை. புதிதாக எழும் போன்கள் பல முதலில் தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொண்டு, 'இந்த மேக் எண் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) யாருடையது?' என்று கேட்கும். பழைய சேவை நிறுவனம் அந்த எண்ணைத் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தால், சர்வர் போனை அங்கேயே திருப்பி அனுப்பிவிடும், பழைய அமைப்புகள் எல்லாம் தானாக இறங்கிவிடும். இதை எத்தனை முறை ரீசெட் செய்தும் தீர்க்க முடியாது. ஸ்டிக்கரில் உள்ள மேக் எண்ணை விற்றவரிடம் கொடுத்து, பழைய சேவை நிறுவனத்தின் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன், அதற்குப் பிறகு ஒரே ரீசெட்டில் சரியானது. சில மாடல்களில் இணையம் இல்லாத ரௌட்டரில் மாட்டி, தானாக அமைப்புகளை இறக்கும் வசதியை அணைத்துவிட்டும் தப்பிக்கலாம். ஆனால் நீக்கச் சொல்வதுதான் சுத்தமான வழி, அந்தப் போனை விற்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் கணக்கு விவரம். இங்கே போனைக் குறை சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: மொபைலில் ஒரு சிப் செயலியைப் போட்டு, அதே வைஃபையில், அதே விவரங்களைக் கொடுத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் கணக்கு சரி, சிக்கல் போனில். அதிலும் வரவில்லை என்றால் போனை நோண்டுவது வீண். சோதித்ததும் செயலியிலிருந்து வெளியேறிவிடுங்கள், சில சேவைகள் ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் ஏற்கும். பயனர் பெயரும் அங்கீகாரப் பெயரும் ஒன்றேதான் என்று நினைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிற தவறு. சில சேவைகளில் இரண்டும் வேறு. போனில் பிழை எண் தெரிந்தால் அதை விட்டுவிடாதீர்கள்: 403 என்றால் சர்வர் உங்களைப் பார்த்துவிட்டு மறுக்கிறது, அதாவது பெரும்பாலும் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 408 என்றால் பதிலே வரவில்லை, சர்வர் முகவரியையோ நெட்வொர்க்கையோ பார்க்க வேண்டும். 401 என்று போனின் லாக் குறிப்புகளில் பார்த்தால் பயப்பட வேண்டாம், பாஸ்வேர்டு கேட்பதற்காக முதலில் அப்படிச் சொல்வது அதன் வழக்கம். தவறான பாஸ்வேர்டோடு போன் நிமிடத்துக்கு நிமிடம் முட்டிக்கொண்டே இருந்தால் சில சர்வர்கள் உங்கள் இணைப்பையே கொஞ்ச நேரம் தடுத்துவிடும், அப்புறம் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் நுழைய முடியாது.

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது. வீட்டு ஐபி போனில் மிகவும் பொதுவான புகார் இதுதான், இதில்தான் அதிகமாகக் குழம்பிக்கொள்கிறோம். மணி அடிக்க வைப்பது சிப், பேச்சைச் சுமப்பது ஆர்டிபி என்ற வேறொன்று, இரண்டும் வேறு போர்ட்டுகளில், அதாவது எண் போட்ட வேறு வேறு வழிகளில், போகின்றன. அதனால் முதலாவது சரியாகப் போய், இரண்டாவது ரௌட்டரில் தொலைந்துபோக முடியும். பல ரௌட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்வதற்காக வைத்தது, பெரும்பாலும் தகவல்களைக் கண்டபடி திருத்திக் கெடுத்துவிடுகிறது. முதலில் அதை அணையுங்கள், ரௌட்டரையும் போனையும் அணைத்து ஆன் செய்யுங்கள், பேசிப் பாருங்கள். எடுத்த அழைப்பு ஏறக்குறைய 32 நொடியில் துண்டிக்கப்படுகிறதா? அது தற்செயல் இல்லை. அழைப்பை எடுத்ததற்கான உறுதிச் செய்தி வந்து சேராவிட்டால் சிப் காத்திருக்கும் நேரம் அவ்வளவுதான், அதுவும் ரௌட்டரில் வழி தவறுவதன் அடையாளம். வெளியே அழைக்க முடிகிறது, ஆனால் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வரும் அழைப்பு மட்டும் வருவதில்லை என்றால், ரௌட்டர் திறந்துவைத்த வழியை மூடிவிட்டது. போனில் கீப் அலைவ் என்று இருப்பதை 30 நொடிக்கு ஒருமுறை என்று வைத்தால் வழி திறந்தே இருக்கும்.

இந்த இடத்தில் பொறுமை இழந்து ரௌட்டரில் சிப்புக்கான 5060 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள், போனை டிஎம்இசட்டில், அதாவது ரௌட்டரின் பாதுகாப்புக்கு வெளியே, போட்டுவிடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். சேவையில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் போனுக்கு இது பொதுவாகத் தேவையே இல்லை. திறந்து வைத்தால் இணையத்தில் போர்ட் தேடி அலையும் நிரல்கள் உங்கள் போனைக் கண்டுபிடித்து, நள்ளிரவில் 100, 1001 போன்ற எண்களிலிருந்து மணி அடிக்கும், எடுத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அட்மின் பாஸ்வேர்டு இன்னும் ஆரம்பத்தில் இருந்ததே என்றால் அதைவிட மோசம், போனுக்குள் நுழைந்து கணக்கு விவரத்தை எடுத்து உங்கள் செலவில் வெளிநாட்டு அழைப்புகள் போட முடியும். ரீசெட் முடிந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. எண்ணை முழுதாகத் தட்டுவதற்குள் போன் அழைக்க ஆரம்பித்தால், எத்தனை இலக்கம் வந்ததும் அழைக்கலாம் என்று சொல்லும் டயல் பிளானைப் பாருங்கள். 'ஒன்றை அழுத்தவும்' என்று கேட்கும் இடத்தில் அழுத்தியும் நகரவில்லை என்றால் அழுத்திய எண்ணை அனுப்பும் டிடிஎம்எஃப் முறையைப் போனின் அமைப்பில் ஆர்எஃப்சி 2833 என்பதற்கு மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் அதையும் திருத்துங்கள், மறைகுறியாக்கிய இணைப்பில் சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றி பதிவே ஆகாமல் போகலாம்.

ஃபர்ம்வேரை முதல் வேலையாகப் புதுப்பிக்க வேண்டாம், ரீசெட் ஆகி, முகவரி கிடைத்த பிறகு செய்யுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரடியாகப் புதியதற்குத் தாவ முடியாத மாடல்கள் உண்டு, இடையில் ஒரு பதிப்பு போட வேண்டியிருக்கும், தயாரிப்பாளரின் குறிப்பைப் படியுங்கள். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் போன் எழாமலே போகலாம். போனின் வலைப்பக்கம் பிரவுசரில் திறக்கவில்லை என்றாலும் போன் கெட்டுவிட்டது என்று இல்லை, பழைய ஃபர்ம்வேர் பேசும் பாதுகாப்பு முறையைப் புதிய பிரவுசர்கள் ஏற்பதில்லை, முகவரியின் தொடக்கத்தில் https என்பதை http என்று மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது மிக முக்கியம். கரண்ட் போனால் இந்தப் போனும் போய்விடும், ரௌட்டரும் போய்விடும். அவசர எண்கள் உங்கள் சேவையில் கிடைக்குமா, கிடைத்தால் எந்த முகவரியைக் காட்டும் என்பதை நிறுவனத்திடம் கேட்டு, உங்கள் இப்போதைய முகவரியைப் பதிந்துவையுங்கள். சோதிப்பதற்காக அவசர எண்ணையே அழைத்துப் பார்க்காதீர்கள். போன் பக்கத்தில் சார்ஜ் உள்ள மொபைல் ஒன்று எப்போதும் இருக்கட்டும், கரண்ட் இல்லாதபோது எதை எடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.