வேலைவாய்ப்புச் சந்தையில் இரண்டே நிமிடத்தில் பெயர் வாங்க

பினாங்கில் வேலைவாய்ப்புச் சந்தை என்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள்தாம் முன்வரிசையில் நிற்கும். டெக்னீஷியன், கியூசி (தரப் பரிசோதனை), ஸ்டோர், கணக்குப் பிரிவு எனப் பல வேலைகளுக்கு ஆள் எடுப்பார்கள். எஸ்.பி.எம் (ஐந்தாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமா முடித்துவிட்டு முதன்முறையாகப் போகிறவர்களுக்கான செய்முறை இது.

1. ஐந்து நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரப்போகும் நிறுவனங்களின் பட்டியல் பெரும்பாலும் முன்கூட்டியே கிடைக்கும். ஒவ்வொன்றும் என்ன தயாரிக்கிறது, எந்த வேலைக்கு ஆள் தேடுகிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பூத்தில் நின்றுகொண்டு "உங்கள் கம்பெனி என்ன செய்கிறது?" என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை தேடும் தளமான மைஃபியூச்சர்ஜோப்ஸிலும் முன்பே பதிந்துவிடுங்கள்.

2. ரெசுமே ஒரே பக்கம், பத்துப் பிரதி. பெயர் மைகாட்டில் (அடையாள அட்டையில்) உள்ளபடியே இருக்கட்டும். பெயருக்குக் கீழேயே எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். அது இல்லாத ரெசுமே பொதுக் குவியலில் போய் விழும். மேல் வலது மூலையில் நான்கு சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். ஆள் எடுப்பவர் உங்களோடு பேசிக்கொண்டே "ஷிஃப்ட் ஓகே", "அடுத்த மாதம் வரலாம்" என்று குறிப்பெழுதும் இடம் அது. மாலையில் அவர் கையில் பெரிய கட்டு இருக்கும், முகம் நினைவிருக்காது, அந்தக் குறிப்புதான் பேசும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் பேனா பிடிக்காது, வெறும் தாளாகவே கொடுங்கள்.

3. முப்பது விநாடி அறிமுகத்தை மலாய், ஆங்கிலம் இரண்டிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பெயர், படிப்பு, கைவந்த ஒரு வேலை, கேட்கும் பதவி, எப்போது சேர முடியும் என்ற ஐந்தும் போதும். "கடின உழைப்பாளி" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். "பாலிடெக்னிக்கில் ஆறு மாதம் சோல்டரிங் செய்தேன், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும்" என்றால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

4. காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். இஸ்திரி போட்ட சட்டை, மூடிய காலணி போதும், கோட்டெல்லாம் வேண்டாம். அப்பா அம்மா கூட வந்தால் வெளியே தே தாரே குடித்துக்கொண்டு இருக்கட்டும்; பிள்ளைக்குப் பதிலாக அம்மா பேசுவது நல்லதல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்தில் விருப்பம் குறைந்த நிறுவனத்துக்கு முதலில் போங்கள். உளறல் அங்கே தீர்ந்துவிடும்.

5. இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். ஒன்று, "வேலைக்கு எப்படி வருவீர்கள்?" பட்டர்வொர்த், நிபோங் தெபால் பக்கம் இருந்து பாலம் தாண்டித் தீவுக்கு வருகிறவர்கள் பயண அலுப்பில் சீக்கிரமே நின்றுவிடுவார்களோ என்ற பயம் முதலாளிகளுக்கு உண்டு. "பி2 மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது" என்றோ, "கம்பெனி பஸ் எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் வருமா?" என்றோ உடனே சொல்லுங்கள். மற்றொன்று சம்பளம். "எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்பது பணிவல்ல, விசாரிக்காமல் வந்ததன் அடையாளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதிலிருந்து தொடங்கி ஒரு வரம்பு சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

6. பூத்தை விட்டு நகர்ந்ததும் பேசியவர் பெயரையும் பேசிய விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எண் தந்திருந்தால் அன்று மாலையே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) மூன்று வரி: பெயர், பதவி, பேசிய ஒரு விஷயம். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். மைகாட் நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று மலாயில் எழுதிக் கொடுங்கள்.