இக்காலுயிட்டில் அறை எடுக்கும் முன்

கனடாவின் நூனவுட் ஆட்சிப்பகுதிக்கு 1999 முதல் தலைநகராக இருந்துவரும் இக்காலுயிட்டுக்கு வெளியூரிலிருந்து சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. ஒட்டாவாவிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் விமானத்தில் செல்ல வேண்டும். பயணச்சீட்டை வாங்கிவிட்டு நிதானமாக அறை தேடும் வழக்கம் இங்கே உதவாது. ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இவ்வூரின் விடுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அலுவலாக வரும் அரசு ஊழியர்களுக்கும் கட்டுமானப் பணியாளர்களுக்கும் அவற்றில் பெரும்பகுதி போய்விடுவதால், முதலில் அறையை உறுதிசெய்துகொண்டு, பிறகே விமானத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

பதிவு செய்யும்போது வாடகையைவிட முக்கியமாகக் கேட்டு, மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு. பனிப்புயலால் விமானம் இறங்க முடியாமல் திரும்பிவிட்டால் அன்றைய இரவுக்கான கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்பது ஒன்று. அதே காரணத்தால் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாவிட்டால் அறையை நீட்டித்துத் தருவார்களா என்பது மற்றொன்று. குளிர்காலத்தில் இவ்விரண்டும் நடக்கக்கூடியவை. ஆகவே ஒட்டாவாவிலிருந்து தாயகம் திரும்பும் விமானத்துக்கு முன்பாக இரண்டு நாளாவது இடைவெளி விடுவது நல்லது.

வாடகை அதிகமாகத்தான் இருக்கும். பனி உருகிக் கடல் திறக்கும் சில மாதங்களில் மட்டுமே சரக்குக் கப்பல்கள் வர முடியும். காய்கறி, பால் போன்றவை ஆண்டு முழுவதும் விமானத்தில்தான் வந்தாக வேண்டும். உணவகத்திலும் இதே நிலைதான் என்பதால், காலை உணவு சேர்ந்த அறையோ, நுண்ணலை அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள அறையோ கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தும் எடுக்கலாம். ‘ஆர்க்டிக் சார்’ (Arctic char) என்னும் மீனும் கரிபூ மான் இறைச்சியும் இவ்வூரின் சிறப்பு உணவுகள். சைவ உணவுக்காரர்கள் ஒட்டாவாவிலேயே பருப்பு, அவல், ஊறுகாய் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் மின்சார அரிசிக்குக்கரை மட்டும் கொண்டுபோக வேண்டாம்; அங்குள்ள மின்னழுத்தம் 120 வோல்ட். கைப்பேசி மின்னேற்றிக்குத் தட்டைமுனைப் பொருத்தி போதும்.

ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடிப்பதால், தடித்த திரைச்சீலை உண்டா என்று கேட்பதோடு கண்மறைப்புத் துணியையும் எடுத்துச் செல்ல வேண்டும். குழாய் நீரைக் குடிக்கலாமா என்று வரவேற்பு மேசையில் விசாரிப்பதும் நல்லது. 2021 அக்டோபரில் நகரின் குடிநீரில் எரிபொருள் கலந்ததால், அதைக் குடிக்க வேண்டாம் என்ற அறிவிப்பு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நடப்பில் இருந்தது.

விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. விடுதியின் வண்டி வராவிட்டால் டாக்சியில் ஏறலாம். தலைக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம்தான், வழியில் வேறு பயணிகளையும் ஏற்றிக்கொள்வார்கள். புறப்படும் நாளன்று, வானம் தெளிவாக இருந்தாலும், விமானம் குறித்து நிறுவனத்திடம் விசாரித்து உறுதிசெய்துகொண்ட பிறகே அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.