தலைமையாசிரியரிடம் சொன்னது கணக்கில் வராது

கேரள எல்லையில், குமுளிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் இருபத்தாறு வருடம் தமிழ்வழி வகுப்பு எடுத்தவள் நான். புதிதாக வரும் ஆசிரியைகளும் அங்கன்வாடிப் பெண்களும் இன்றும் வீடு தேடி வந்து கேட்கிறார்கள்: "டீச்சர், சந்தேகம்தான், உறுதியாகத் தெரியாது. சொல்லலாமா?"

சொல்லியே ஆக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், போலீஸில் தெரிவிப்பது போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி கடமை. ஆசிரியருக்கு மட்டுமல்ல, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரிக்கும், ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டுநருக்கும், கங்காணிக்கும்தான். ஆதாரம் தேடுவது போலீஸின் வேலை.

நான் தவறியவள். 2013இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கடைசி மணி அடித்த பின்னும் பையை எடுக்காமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு நாள் கழித்து அரைகுறையாகச் சொன்னாள். தலைமையாசிரியரிடம் போனேன். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பாரம் இறங்கியதுபோல் வீடு திரும்பினேன். பதினோராம் நாள் அவளுடைய பாட்டிதான் போலீஸுக்குப் போனார். சட்டத்தின் கண்ணில் அந்தப் பதினோரு நாளும் நான் வாய் திறக்காதவள். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மூடிவைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

பிள்ளை பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், துருவாதீர்கள். அவள் சொன்ன சொற்களையே நாள், நேரத்தோடு எழுதிவையுங்கள். "மாமா" என்றால் "மாமா" என்றே எழுதுங்கள், நீங்களாகப் பெயர் சேர்க்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். சந்தேகப்படும் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதும் கூடாது. அன்றிரவே பிள்ளையை ஊர் மாற்றிவிடுவார்கள். ஆசிரியர் அறையில் டீயோடு பேசும் விஷயமும் அல்ல இது. வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லை. பிள்ளை அந்த நிமிடமே ஆபத்தில் இருந்தால் அவசர உதவி எண் 112. தோட்டத்துப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்பதால் உங்கள் கடமை தீராது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. ஓர் அங்கன்வாடிப் பெண்ணுக்குத் துணையாகப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். விடுமுறையில் பிள்ளை தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்துக்குப் போயிருந்தபோது நடந்தது என்றதும், "மலை இறங்கி அங்கே போய்க் கொடுங்கள்" என்றார் அந்த நிலையத்தில் இருந்தவர். இறங்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கும் போக்சோவில் தண்டனை உண்டு. இதைச் சத்தம் போடாமல் சொன்னேன், நாற்காலி வந்தது.

எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், பதிவு எண் இட வேண்டும். மலையாளத்தில் எழுதியிருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைக்கு மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தருவது அவர்கள் கடமை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும்.

நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது, சந்தேகம் பொய்த்தாலும் வழக்கு வராது. பகை தீர்க்கப் பொய் சொன்னால்தான் வம்பு.

பட்டினி, அடி, கவனிப்பின்மை வேறு கணக்கு. கிழிந்த சட்டை வறுமை; அதற்கு 1098 வேண்டாம், ஒரு சட்டை போதும். ஆனால் கைவிடப்பட்டதாகவோ காணாமல் போனதாகவோ தெரியும் பிள்ளையைக் கண்டால், சிறார் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ, போலீஸுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ சொல்ல வேண்டும். தாயும் தகப்பனும் தேனிப் பக்கம் போய்த் திரும்பாமல், லயத்தில் இரண்டு பிள்ளைகள் தாமே சோறு பொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாளாக.