கரிசலில் மனை வாங்கும் முன்: மேல்மண்ணை நம்பாமல் பார்ப்பது எப்படி?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கம் மனை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டா, வில்லங்கம், பாதை எல்லாம் பார்த்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை. இங்கே மண் மட்டும்.

லேஅவுட் போட்ட இடங்களில் ரோட்டுக்கும் மனைக்கும் சேர்த்துச் செம்மண் கிராவல் அடித்து வைத்திருப்பார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஒரு அடி தோண்டினால் கரிசல், ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கிச் சுவரை விரிசல் விட வைக்கும் மண். அதனால் யாராவது ஏற்கெனவே தோண்டிய பள்ளம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் என் முதல் வேலை.

1. அ-பதிவேடு

வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்', 'பாசன ஆதாரம்' என்று கட்டங்கள் வரும். தீர்வை போடுவதற்காக எழுதிய பழைய கணக்கு இது. அடுத்தடுத்த புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள். கரிசல் என்று ஊரே சொல்லும் காட்டுக்கும் உங்கள் மனைக்கும் அந்த மண் கட்டங்களில் ஒரே எண் இருந்தால், மேலே எந்த நிற மண் கிடந்தாலும் சந்தேகப்படுங்கள். நன்செய் என்று இருந்தால் கண்மாய்ப் பாசனத்தில் கிடந்த வயலா என்று விசாரியுங்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கலாம்.

2. கிணறும் போர்க்காரரும்

பக்கத்துத் தோட்டத்தில் திறந்த கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். மேலே கரிசல், அதற்கடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி கலந்த மண், அப்புறம் சுக்கான், பாறை என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். கட்டாத கிணறாக இருந்தால் இன்னும் நல்லது. கிணறு இல்லையா? அந்தப் பகுதியில் போர் போட்டவரிடம் "எத்தனை அடி கேசிங் இறக்கினீங்க?" என்று கேளுங்கள். மண் சரியாமல் இருக்க இறக்கும் குழாய்தான் கேசிங், கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே அந்தக் கணக்கு ஏறக்குறைய மண்ணின் ஆழத்தைச் சொல்லிவிடும்.

3. சோதனைக் குழி

கடப்பாரையும் மம்பட்டியும் போதும். கையால் திருகித் துளை போடும் கை ஆகர் என்று ஒன்று விற்கிறார்கள், காய்ந்த கரிசலில் அது இறங்காது. நான்கைந்து அடி ஆழம், அதாவது அஸ்திவாரம் உட்காரப் போகும் மட்டம்வரை தோண்டுங்கள். சித்திரை, வைகாசியில் போனால் வெடிப்பின் ஆழமும் குழியின் பக்கவாட்டில் தெரியும். குழியின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேல்மண் வேண்டாம்.

4. மண் எவ்வளவு உப்பி வீங்கும்? (நிதானமாகப் படியுங்கள்)

கரிசலில் உள்ள களி தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுவரில் மூலைவாக்கில் ஓடும் விரிசலுக்கு இங்கே பெரும்பாலும் இதுதான் காரணம். உப்பும் அளவைப் பார்க்க ஆய்வகத்தில் செய்வதையே வீட்டிலும் சுமாராகச் செய்யலாம்.

மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டி உடைத்து, நைசான மாவுச் சல்லடையில் சலியுங்கள் (ஆய்வகத்தில் 425 மைக்ரான்). அவசரத்துக்குக் கடாயில் வறுக்க வேண்டாம், சூடு மிஞ்சினால் களியின் குணமே மாறிவிடும். மில்லிக் கோடு போட்ட 100 மில்லி அளவு ஜாடி இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் மண் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் சீமெண்ணெய்.

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். சீமெண்ணெய் எதற்கு என்று புரியாமல் அதை விட்டுவிட்டு, தண்ணீர் ஜாடியை மட்டும் பார்த்து 'உப்பிவிட்டது' என்பார்கள். சீமெண்ணெயில் களி உப்பாது. உப்பாத மண் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அதுதான் காட்டும். அது இல்லாமல் ஒப்பிட ஒன்றுமே கிடையாது. இரண்டையும் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, காற்றுக்குமிழ் போகும்படி தட்டி, 24 மணி நேரம் ஆடாமல் வையுங்கள்.

தண்ணீரில் மண் 18 மில்லி, சீமெண்ணெயில் 10 மில்லி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8. அதைச் சீமெண்ணெய்க் கணக்கான 10-ஆல் வகுத்தால் 80 சதவீதம். 50-க்குக் கீழே என்றால் உப்பும் குணம் குறைவு, 50 முதல் 100 நடுத்தரம், 100-க்கு மேல் அதிகம், 200-ஐத் தாண்டினால் மிக அதிகம்.

50-ஐத் தாண்டினால் கொத்தனார் பேச்சை மட்டும் வைத்து வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டாதீர்கள். மண் பரிசோதனைக்குக் கொடுத்து, பொறியாளரிடம் அண்டர்-ரீம் பைல் பற்றிக் கேளுங்கள். அடியில் குமிழ் போல விரியும் தூண் அது. குமிழின் விட்டம் வழக்கமாகத் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. சுமார் 3.5 மீட்டருக்குக் கீழே மண்ணின் ஈரம் பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறாது என்பதால் அந்த ஆழத்தில் நிறுத்துவார்கள். இன்னொன்று: வானத்தில் எடுத்த கரிசலையே பேஸ்மெண்டுக்குள் நிரப்ப விடாதீர்கள், லோடு மிச்சம் என்பார்கள். கிராவல்தான் போட வேண்டும்.

5. தோட்டம் மட்டும் என்றால்

இவ்வளவு தேவையில்லை. பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி, 15 செ.மீ. ஆழம், கலந்து கால்பங்கிட்டு (நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்து, திரும்பத் திரும்ப) அரைக் கிலோ எடுத்து அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். எருக்குழி, வரப்பு, மரநிழல் பக்கம் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் அள்ளுங்கள், துருப்பிடித்த சட்டியில் அள்ளினால் இரும்புச் சத்துக் கணக்கு தப்பும்.

பின்சேர்க்கை: ரேஷனில் சீமெண்ணெய் கிடைக்கவில்லை, கடலை எண்ணெய் ஊற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது கெட்டி, குமிழ் வெளியே வராது, கணக்கு கோணலாகும். சீமெண்ணெய் இல்லையென்றால் மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து 'ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ்' (மேலே சொன்ன இதே சோதனையின் பெயர்) என்று கேட்டாலே போதும். கொடுக்கும்போது எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று பையிலேயே எழுதிவிடுங்கள்.