கன்வெர்ட்டர் பெட்டியை வாங்கும் முன் மோட்டார் பிளேட்டைப் பாருங்கள்

மொரட்டுவைப் பக்கம் மூடுகிற தச்சுப் பட்டறைகளில் பழைய திக்னசர் (பலகையைச் சம கனமாகச் சீவும் மெஷின்), பேண்ட் சோ (பட்டை வாள்) எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். லொறி பிடித்து ஹட்டனுக்கு ஏற்றி வந்து, நாலு பேர் கை கொடுத்து இறக்கி வைத்த பிறகுதான் மோட்டார் த்ரீ பேஸ், வீட்டுக் கரண்ட் சிங்கிள் பேஸ் என்பது உறைக்கும். உடனே ஒருவர் சொல்வார்: "கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடு மச்சான், ஓடும்."

ஓடும்தான். நானும் அப்படி 2.2 கிலோவாட் விஎப்டி, அதாவது சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி, ஒன்று வாங்கினேன். ஸ்டார்ட் செய்ததும் மோட்டார் அழகாகச் சுற்றியது. சவுக்குப் பலகையைத் தள்ளியதும் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. பெட்டி பழுது என்று கடைக்காரருடன் சண்டை வேறு பிடித்தேன். தப்பு என்னுடையது, மோட்டாரின் மேல் இருக்கும் விவரத் தகட்டை, அதாவது நேம் பிளேட்டை, நான் படிக்கவே இல்லை.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சாதாரண விஎப்டி அதை மூன்று பேஸாக்கித் தருமே தவிர, 400 வோல்ட்டாக ஏற்றித் தராது. என் மோட்டார் 400 வோல்ட்டுக்கு ஸ்டாரில், அதாவது மூன்று வைண்டிங்கின் ஒரு முனையை ஒரே முடிச்சாக்கி, கட்டியிருந்தது. அதற்கு 230 கொடுத்தால் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிளேட்டில் '230/400, டெல்டா/ஸ்டார்' என்று இருந்தால் கவலையில்லை, வைண்டிங்குகளை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவுக்கு மாற்றினால் 230 வோல்ட்டே போதும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு போல்ட் இரண்டு வரிசையாக இருக்கும். ஒரு வரிசையின் மூன்றையும் பித்தளைத் தகடு குறுக்கே இணைத்திருந்தால் அது ஸ்டார். தகடுகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று ஜோடியாகப் போட்டால் டெல்டா. பத்து நிமிட வேலை. அப்புறம் அதே பலகை வெண்ணெய் மாதிரிப் போனது.

பிளேட்டில் '400/690' என்று இருந்தால் இந்த வழி செல்லாது, டெல்டாவிலேயே 400 வோல்ட் வேண்டும். 4 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்கள் பெரும்பாலும் இந்த வகைதான். தேயிலை ஸ்டோரில் கழித்த மோட்டாரை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டாரில் கட்டிய மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் மூன்றே வயர் வந்தால், வைண்டிங் கடையில் ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும்.

கபாசிட்டர் மட்டும் உள்ள மலிவான ஸ்டாட்டிக் கன்வெர்ட்டரை திக்னசருக்குப் போடாதீர்கள். அது ஸ்டார்ட் ஆக உதவும், அவ்வளவுதான். மோட்டாரின் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது, வைண்டிங்கும் சுடும். ட்ரில் மெஷினுக்குப் பரவாயில்லை. ஒரு மோட்டாரைச் சுழலவிட்டு மூன்றாவது பேஸை உண்டாக்கும் ரோட்டரி கன்வெர்ட்டர் என்றால், அதிலுள்ள மோட்டார் உங்கள் பெரிய மெஷினின் மோட்டாரைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்.

மெஷினில் ஏற்கெனவே உள்ள ஆன்-ஆஃப் சுவிட்சை விஎப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைப்பது எல்லோரும் செய்வது. ஓடும்போது அதை அமர்த்தினால் விஎப்டியின் உள்பாகம் போய்விடலாம். மோட்டாருக்கு நேரடி வயர், பட்டன்களுக்கு விஎப்டியின் கட்டுப்பாட்டு டெர்மினல். அதுதான் முறை.

மலைநாட்டுக்கென்றே ஒன்று உண்டு. விஎப்டியின் திறன் பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் சொல்லப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் குறைக்க வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காற்று மெல்லியதாவதால் சூடு சரியாக வெளியேறாது. குளிர் கொஞ்சம் ஈடுகட்டும் என்றாலும், ஒரு அளவு பெரிதாக வாங்குவதே நல்லது.

சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் குத்துவதும் வேண்டாம். 2.2 கிலோவாட் விஎப்டி முழு லோடில் 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கலாம். 30 ஆம்பியர் வீட்டு இணைப்பில் அதே நேரம் கேத்தலும் ஹீட்டரும் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தனி பிரேக்கர், தனி வயர், லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். இதற்கு முன் உங்களுக்கு மின்சாரம் தருகிற நிறுவனத்திடம் த்ரீ பேஸ் இணைப்புக்கு என்ன செலவாகும் என்று ஒரு தடவை கேளுங்கள். போஸ்ட்டில் த்ரீ பேஸ் லைன் போகிற வீடுகளுக்குக் கன்வெர்ட்டரே தேவைப்படாமல் போகலாம்.

விஎப்டி போட்ட பிறகு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், அதைத் தாண்டி வயர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத் தரையில், செருப்பில்லாத காலுடன், உலோக மெஷினைத் தொட்டு வேலை செய்கிறவர் செய்யக்கூடாத காரியம். முதலில் எர்த்தைச் சரிபாருங்கள். விஎப்டியின் பில்டரிலிருந்து இயல்பாகவே கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசியும், அதற்குப் பொருத்தமான ட்ரிப் சுவிட்சும் உண்டு.

முதல் ஓட்டத்துக்கு வட்ட வாளைக் கழற்றி வையுங்கள். தலைகீழாகச் சுற்றினால் நட்டு கழன்றுவிடலாம். அப்படிச் சுற்றினால், கரண்டை அணைத்துவிட்டு மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுங்கள்.

சாயங்காலம் பனிமூட்டம் பட்டறைக்குள் இறங்கும்போது விஎப்டி பெட்டிக்குள் ஈரம் படியும், மரத்தூளும் ஒட்டும். மூடிய அறையில் அல்லது தூசு புகாத பெட்டியில் மாட்டுங்கள். சுத்தம் செய்யத் திறப்பதென்றால் மெயினை அணைத்த பின் பத்து நிமிடமாவது காத்திருங்கள். உள்ளே உள்ள கபாசிட்டர்களில் கரண்ட் அதுவரை தங்கியிருக்கும்.