மலிவு ரேமும் கச்சான் வெயிலும்: ஓவர்க்ளாக் செய்பவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை ஒரு தம்பி திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் வீட்டுக்கு ஓட்டோவில் வந்து இறங்கினான், கணினிப் பெட்டியை மடியில் வைத்தபடி. யாரோ பாவித்துக் கழித்த டிடிஆர்4 ரேம், 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, புதியதன் பாதி விலைக்குக் கிடைத்ததாம். ரேம் பெட்டியில் 3200 வேகம் என்று போட்டிருந்ததை ஓவர்க்ளாக் செய்து, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் முறுக்கி, 3800க்கு ஏற்றியிருக்கிறான். "அண்ணா, பாருங்கோ, ஓடுது!" என்று ஃபோனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினான். ஆனால் கேம் விளையாடும்போது இடைக்கிடை நின்றுபோகிறதாம். கிராஃபிக்ஸ் கார்ட்டில்தான் அவனுக்குச் சந்தேகம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே மாதிரி ஸ்க்ரீன்ஷாட்டை ஒரு காலத்தில் நானும் நாலு பேருக்குக் காட்டித் திரிந்தவன்.

சின்னச் சறுக்கல்களை இங்கே எழுதப்போவதில்லை. ரேமைச் சரியாக அழுத்தாமல் விடுவது, எக்ஸ்எம்பியை (ரேமை அதன் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் பயோஸ் அமைப்பு) போட மறப்பது, சிபியு-இசட் என்ற மென்பொருளில் 3200 ரேமுக்கு 1600 என்று கண்டதும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று குதிப்பது (ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை தரவு போகும், இரண்டால் பெருக்குங்கள்), இதெல்லாம் இரண்டாம் நாளே தானாக விளங்கிவிடும்.

பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்குவது

கன்னியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெந்நீர்க் கிணறு ஏழும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு. ரேமும் அப்படித்தான். ஒரே பிராண்ட், ஒரே மொடல், ஒரே நிறத் தகடு. உள்ளே சிப் வேறு. டிடிஆர்4இல் பெரும்பாலும் சிப்பைச் செய்தவர்கள் மூன்று பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மற்றவர்கள் அதை வாங்கித் தகடு ஒட்டி, விளக்குப் பூட்டி விற்பவர்கள். எவ்வளவு ஓடும், எவ்வளவு வோல்ட் தாங்கும் என்பதை முடிவுசெய்வது அந்தச் சிப்தான்.

எல்லோரும் தேடித் திரிவது சாம்சங்கின் பி-டை என்ற சிப் வகை. வோல்ட்டைக் கூட்டக் கூட்ட டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை, குறைந்தால் நல்லது) இறங்கிக் கொடுக்கும் குணம் அதற்கு உண்டு. அதை நிறுத்தப்போவதாக 2019இல் செய்தி வந்த பிறகு, செகண்ட் ஹேண்ட் விற்பவர்கள் எல்லா ஸ்டிக்கையும் பி-டை என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சொல்பவரை விட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 3200 வேகத்துக்கு 14-14-14, 1.35 வோல்ட் என்று இருந்தால் அது அனேகமாகப் பி-டைதான். 16-18-18 என்றால் உள்ளே எதுவும் இருக்கலாம். கோர்செயார் என்றால் ஸ்டிக்கரில் பதிப்பு எண் இருக்கும்: 3இல் தொடங்கினால் மைக்ரான், 4 சாம்சங், 5 ஹைனிக்ஸ், 4.31 பி-டை. ஜி.ஸ்கில்லில் 042 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள்; 8810பி என்று முடிந்தால் அதுவும் பி-டைதான்.

தகடு இல்லாத மொட்டை ஸ்டிக் என்றால் இன்னும் லேசு. ஃபோன் கமராவைக் கிட்டப் பிடித்துச் சிப்பின் மேல் எழுத்தைப் படிக்கலாம். சாம்சங் கே4ஏ என்று தொடங்கும். டபிள்யூவுக்கு அடுத்து வரும் எழுத்துத்தான் டையின் பெயர். ஹைனிக்ஸ் எச்5ஏஎன் என்று தொடங்கும். சிஜேஆர், டிஜேஆர் என்று அதில் கண்டால் விட்டுவிடாதீர்கள், மலிவில் நல்ல சிப் அவை. மைக்ரானில் டி9 என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும்.

தாய்ஃபூன் பர்னர் போன்ற மென்பொருளில் பார்த்துவிட்டேன் என்பார்கள். அது படிப்பது ஸ்டிக்கில் இருக்கும் எஸ்பிடி என்ற 512 பைட் நினைவை. தயாரித்தவர் எழுதி வைத்ததைத்தான் அது சொல்லும், எழுதாததை ஊகிக்கும். அந்த 512 பைட்டையும் வேறொருவர் மாற்றி எழுதலாம். சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

தகட்டைக் கழற்றிப் பார்ப்பது

வேண்டாம். பசையோடு சிப்பும் வரும்.

சேர்வர் ரேம்

16 ஜிபி அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்றால் லேபிளைப் படியுங்கள். பிசி4-2400டி-க்குப் பின்னால் ஆர் என்று இருந்தால் அது சேர்வருக்கானது. வெட்டு, பின் எண்ணிக்கை எல்லாம் ஒன்றுதான், வீட்டுக் கணினியின் மதர்போர்ட்டில் அழகாக உட்காரும், திரை மட்டும் வராது. உங்களுக்கு வேண்டியது யு.

விண்டோஸ் வந்திட்டுது, அப்ப சரி

இதை எழுதும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. மற்றப் பிழைகளில் நம்முடைய காசு போகும். இதில் அடுத்தவருடைய பொருள் போகும்.

அது ஒரு மாரி காலம். ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணர் ஒருவருக்கு மெஷின் பூட்டிக் கொடுத்தேன். இசட்390 போர்ட், எனக்கு மலிவாக அகப்பட்ட பி-டை ஸ்டிக் இரண்டு. ரேமை முறுக்கித் தா என்று அவர் கேட்கவேயில்லை. நான்தான் சும்மா இருக்க மாட்டாமல் 3200ஐ 3600 ஆக்கி, 1.45 வோல்ட் கொடுத்து, டிஆர்எஃப்சியை இறுக்கி, டிஆர்இஎஃப்ஐயை (இரண்டும் ரேமைப் புதுப்பிக்கும் நேரங்கள், கீழே சொல்கிறேன்) அந்தப் போர்ட்டின் உச்சமான 65535இல் வைத்தேன். விண்டோஸ் வந்தது. ஃபோட்டோஷாப் திறந்தது. இரவு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியைத் திருப்பிவிட்டு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஒரே ஒரு சுற்று ஓட்டினேன். வெளியே அடைமழை. பிழை பூச்சியம். கொடுத்துவிட்டேன்.

ஆனியில் கச்சான் என்ற வறண்ட சுடுகாற்று அடிக்கத் தொடங்கியது. மத்தியானத்தில் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும் நாட்கள். ஸ்டூடியோவின் பின்னறையில் ஏசி கிடையாது. அண்ணர் சம்பூரில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு வந்து படங்களைக் கணினிக்கு ஏற்றினார். முதல் பத்துப் படத்தைத் திறந்து பார்த்தார், ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் நிலாவெளியில் வேறு வேலை, கமராக் கார்ட்டை ஃபோர்மட் செய்து அதிலேயே அதையும் எடுத்துவிட்டார். இரண்டு கிழமை கழித்து ஆல்பம் கட்ட உட்கார்ந்தபோது, தாலி கட்டும் படத்தில் ஐயரின் கைக்குக் கீழே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இன்னொன்றில் பொம்பிளையின் முகத்துக்குக் குறுக்கே ரோஸ் நிறப் பட்டை. மொத்தம் 37 படம். மாப்பிள்ளை அதற்குள் கனடாவுக்குத் திரும்பிவிட்டார்.

நான் முதலில் குற்றம் சொன்னது கார்ட்டை. அப்புறம் வைரஸை. என்னுடைய ரேம் என்று ஒத்துக்கொள்ள நாலு நாள் எடுத்தது.

நடந்தது இதுதான். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில் நிற்கும் மின்னேற்றம். அது ஓட்டைக் குடம், ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிசெக்கனுக்குள் எல்லா வரிசையையும் ஒரு தடவை நிரப்பிவிட வேண்டும். எவ்வளவு இடைவெளி விட்டு நிரப்புவது என்பது டிஆர்இஎஃப்ஐ, நிரப்பும் வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது டிஆர்எஃப்சி. 3600இல் இடைவெளி சாதாரணமாக 14040. நான் வைத்தது அதைப்போல நாலரை மடங்குக்கும் மேல். குளிரில் குடம் மெதுவாக ஒழுகும், தாக்குப்பிடித்தது. சூட்டில் வேகமாக ஒழுகும். பி-டைக்கு மற்றவற்றைவிடச் சூடு ஆகாது. வோல்ட்டைக் கூட்டி இறுக்கினால் 50 பாகைக்கு மேல் அது தடுமாறுவது ஓவர்க்ளாக் செய்பவர்களுக்குப் பழகிய கதை.

கோப்பை நகலெடுக்கும்போது அது ரேமுக்குள் வந்துதான் டிஸ்க்குக்குப் போகும். ரேமில் ஒரு பிட் புரண்டால் டிஸ்க் அந்தப் பிழையையே பத்திரமாக எழுதி வைக்கும். வீட்டு ரேமில் பிழையைப் பிடிக்கும் ஈசிசி இல்லை, யாரும் மணி அடிக்கப் போவதில்லை. ஜேபெக் படத்தில் ஒரு பிட் பிழைத்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் நாசமாகலாம். விண்டோஸ் விழாமல் ஓடிக்கொண்டே இருந்ததுதான் கொடுமை. ஒரு தடவை நீலத் திரை வந்திருந்தால் கல்யாணப் படங்கள் தப்பியிருக்கும்.

இப்போது நான் செய்வது இப்படி. முறுக்கத் தொடங்குமுன் தரவு உள்ள டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவேன். முதலில் யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86, இலவசப் பதிப்பு தரும் நாலு சுற்றும் முழுதாக. பிறகு வேறொரு பழைய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு டெஸ்ட்மெம்5. கடைசிச் சோதனை மத்தியானத்தில், பெட்டியை மூடி, கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கும் வேலை கொடுத்து, ஏனென்றால் அது ஊதும் சுடுகாற்று நேரே ரேமில்தான் படும். ஒரு பிழை வந்தாலும் தோல்வி. "ஒன்றுதானே அண்ணா" என்று கேட்பவர்களுக்கு அந்த 37 படத்தையும் காட்டத் தயாராக இருக்கிறேன்.

தம்பியின் மெஷினையும் பன்னிரண்டரைக்கு இப்படி ஓட்டினோம். காலையில் சுத்தமாக ஓடியது ஒன்பதாவது நிமிடத்தில் சிவப்புக் காட்டியது. கிராஃபிக்ஸ் கார்ட் பாவம், அதில் ஒரு குறையும் இல்லை. 3600, 16-16-16க்கு இறக்கி, டிஆர்எஃப்சியைத் தளர்த்தினோம். பின்னேரம் வரை பிழை இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

பெரிய எண்ணைத் துரத்துவது

3800 வேகத்தில் டைமிங் 18 என்பது 9.47 நானோசெக்கன் தாமதம். 3200இல் 14 என்பது 8.75. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போர்ட்டைப் பார்க்காமல் ரேம் வாங்குவது

இன்டெல்லின் எச்310, பி360 போர்ட்களில் 2666க்கு மேல் போக வழியில்லை. எச்410, பி460இலும் சிபியுவைப் பொறுத்து 2666 அல்லது 2933தான். 2021இல் வந்த பி560இலிருந்துதான் அந்த வரிசையில் ரேமை ஏற்ற விட்டார்கள். எச்310இல் பி-டையைப் பூட்டி ஆறு மாதம் 2666இல் ஓட்டிய புத்திசாலி நான். ரைசன் 3000, 5000 என்றால் 3600இல் நிறுத்துங்கள்; அங்கே சிபியுவின் உள் இணைப்பு 1800இல் ரேமோடு ஒரே தாளத்தில் ஓடும். 3800க்கு அது 1900 ஆக வேண்டும், எல்லாச் சிபியுவும் அதற்கு ஒத்துவராது.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவது

ஒரு மாற்றம், ஒரு சோதனை. பயோஸ் திரையை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். திரை வராவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, போர்ட்டில் இருக்கும் வட்ட பட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுப் பூட்டினால் பழைய நிலைக்கு வரும்.

முதல் நாளே முறுக்கத் தொடங்குவது

பாவித்த ரேமை முதலில் ஒரு முழு இரவு சாதாரண வேகத்தில் ஓட்டுங்கள், திருப்பிக் கொடுக்கத் தவணை இருக்கும்போதே. அதிலேயே பிழை வந்தால் உடனே சண்டைக்குப் போகவும் வேண்டாம். கடலோரத்து உப்புக் காற்றில் கிடந்த ஸ்டிக் என்றால் பின்களில் கறை பிடித்திருக்கும். மலிவு ஸ்டிக்கில் தங்க முலாமும் மெல்லியது. வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்து, காய்ந்த பிறகு திரும்ப ஓட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும். அப்போதும் பிழை வந்தால் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.