ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் ரிம்மைப் பாருங்கள்

நடவு நேரத்தில் வயல் பக்கம் காரை விட்டுவிட்டு, மறுநாள் தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறதா? உடனே கடைக்கு ஓட வேண்டாம். வண்டி ஆறியபின் ரிம்மின் உட்பக்கம் பாருங்கள். நம் வண்டல் களிமண் அப்பிக் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். தண்ணீர் பீய்ச்சி, மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். பல சமயம் நடுக்கம் அதோடு போய்விடும்.

போகவில்லையா? சரி, வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் வேலை, பார்த்துவிடுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் எடை ஏற்றத்தாழ்வு தரும் உதறல் நான்கு மடங்காகும். அதனால்தான் ஊருக்குள் 40-ல் ஒன்றும் தெரிவதில்லை. பக்கத்தில் நின்று பாருங்கள்: மண்ணைத் துடைத்து, ரிம்மில் முன்பு வைத்த சின்ன எடைகளைக் கழற்றிவிட்டுத்தான் சக்கரத்தை மிஷினில் ஏற்ற வேண்டும். புது எடை வைத்தபின் மறுபடி சுற்றவிட்டு, திரையில் இரண்டு பக்கமும் 0 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த மறுசுற்றை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் அதிர்ந்தால் பின் சக்கரம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அது பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் பிசகியது; அது வேறு வேலை. அப்புறம், பஞ்சருக்காக டயரை ரிம்மிலிருந்து கழற்றினாலும் மறக்காமல் பேலன்சிங் செய்துவிடுங்கள்.